உங்களுக்குத் தெரியுமா? மாத்திரை அளவு மாறினால் 6 வாரம் பொறுக்கணும்!

தைராய்டை முழுவதுமாக எடுத்தவர்கள் தினமும் விழுங்கும் லெவோதைராக்சின் மாத்திரைக்கு மில்லிகிராம் கணக்கு இல்லை, மைக்ரோகிராம்தான். கிலோ எடைக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 100-ஐ ஒட்டி வரும். அது வெறும் தொடக்கம்.

அளவை மாற்றிய மறுவாரமே ரத்தம் கொடுக்க ஓடிப் பயனில்லை. உடம்பில் இம்மருந்து பாதியாகக் குறையவே ஏறக்குறைய 7 நாள் ஆகும். புதிய அளவு நிலைபெற்று, ரத்தத்தில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; மருந்து போதாவிட்டால் ஏறும்) அதைக் காட்ட 6 முதல் 8 வாரம் வேண்டும். 'இன்னும் அசதியாவே இருக்கே' என்று தானாகவே அரை மாத்திரை கூட்டிக்கொண்டால், படபடப்பும் கைநடுக்கமும் வந்து சேரலாம்.

அளவு சரியாக இருந்தும் டி.எஸ்.எச். ஏறுகிறதா? காலை டம்ளரையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். காபியோடு விழுங்கினால் மருந்து குடலில் சரியாக உறிஞ்சப்படாது. வெறும் வயிற்றில், தண்ணீரோடு. அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காபியும் இட்லியும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி. அறுவைக்குப் பின் பலருக்குக் கால்சியமும் எழுதித் தருவார்கள் என்பதால் இங்கே சறுக்குவது எளிது.

புற்றுநோய்க்காக எடுத்திருந்தால், சிலருக்கு டி.எஸ்.எச்.-ஐ வேண்டுமென்றே தாழ்த்தி வைப்பார்கள். பக்கத்து வீட்டு அக்காவின் ரிப்போர்ட்டோடு ஒப்பிட வேண்டாம்.