இணையம் அறுகின்ற இடம் எது?

மேற்கே இந்தியப் பெருங்கடலும் கிழக்கே புத்தளம் களப்பும் சூழ ஒடுங்கி நீளும் கற்பிட்டிக் குடாநாட்டில் இணையம் தடைப்படும்போது, பழி பெரும்பாலும் தொலைபேசிக் கோபுரத்தின்மீதே விழுகிறது. ஆயினும் கோளாறு வீட்டு ரவுட்டரிலோ, கோபுரம் வரையான வானலையிலோ, கொழும்புக்குச் செல்லும் வழியிலோ, கடலடி வடத்துக்கு அப்பாலோ இருக்கக்கூடும் என்பதால், இடத்தை அறியாமல் புதுக் கருவி வாங்குவது பணவிரயமாகவே முடிகிறது. அந்த இடத்தைக் கோடுகளாலும் நிறங்களாலும் கண்ணுக்குக் காட்டுபவை காட்சிவழிச் சோதனை மென்பொருள்கள்.

இவற்றின் அடிப்படை கடலோர மக்களுக்குப் புதிதன்று. ஒலியைக் கீழே அனுப்பி, அது எதிரொலித்துத் திரும்பும் நேரத்தைக் கொண்டு கடலின் ஆழத்தை அறிவது போலவே, ‘பிங்’ எனும் நிரல் ஒரு பொதியை, அதாவது தரவின் சிறு துண்டை, அனுப்பிப் பதில் வரும் நேரத்தை மில்லிசெக்கனில் அளக்கிறது. 1983இல் இதை எழுதிய அமெரிக்கரான மைக் மூஸ், நீர்மூழ்கிகளின் ஒலியுணர் கருவி எழுப்பும் ஓசையையே இதற்குப் பெயராக வைத்தார். பின்னர் வான் ஜேக்கப்சன் எழுதிய ‘ட்ரேஸ்ரூட்’ ஒரு படி மேலே சென்று, வழியிலுள்ள ஒவ்வொரு நிலையத்தையும் தனித்தனியே பதில் சொல்ல வைத்தது. இவ்விரண்டையும் இடைவிடாது இயக்கி, விளைவை வரைபடமாகத் தீட்டுவதே ‘பிங்பிளாட்டர்’ போன்ற மென்பொருள்களின் பணி.

வரைபடத்தின் முதல் வரி வீட்டு ரவுட்டரைக் குறிக்கும். அங்கே சில மில்லிசெக்கனில் வரவேண்டிய பதில் 200ஐத் தாண்டினால் கோளாறு பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே உள்ளது. முதல் வரி சீராக இருக்க, இரண்டாம் வரியில் தொடங்கும் பொதியிழப்பு கடைசி வரிவரை தொடர்ந்தால், வீட்டுக்கு வெளியே சேவை வழங்குநரை நோக்கிய இணைப்பை ஆராய வேண்டும். இடையிலுள்ள ஒரு வரியில் மட்டும் இழப்பைக் காட்டும் சிவப்புத் தோன்றி அடுத்தவை தெளிவாக இருப்பின் அது கோளாறன்று. பொதிகளைக் கடத்துவதே தன் முதற்கடமை என்பதால், அந்நிலையம் பதில் சொல்வதைப் பின்தள்ளியிருக்கிறது. இழப்பு மாலை வேளையில் மட்டும் நாள்தோறும் தோன்றினால், பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்துவதால் ஏற்படும் நெரிசலை ஐயுறலாம்.

தூரமும் தாமதம் தரும். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றர் செல்வதால், சுமார் 2,700 கிலோமீற்றர் தொலைவிலுள்ள சிங்கப்பூருக்குக் கொழும்பிலிருந்து போய்த் திரும்ப 27 மில்லிசெக்கனாவது தேவை. இதை எந்தப் பழுதுபார்ப்பும் குறைக்காது.

கோளாறு வீட்டுக்குள் எனத் தெரிந்தால், கைப்பேசியில் இயங்கும் வைபை ஆய்வுச் செயலி அயல்வீட்டு அலைகள் மோதும் தடங்களைக் காட்டும். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் 1, 6, 11 ஆகிய தடங்கள் ஒன்றோடொன்று மோதுவதில்லை. வீட்டுக்கு வெளியே எனில், நீர் நிறைந்த தென்னோலைகள் வானலையை உறிஞ்சுவதையும், களப்பின் நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் அலை நேரலையோடு மோதி அதை நலிவுறச் செய்வதையும், உப்புக்காற்று அன்டெனா இணைப்புகளை அரிப்பதையும் கருத வேண்டும்.

திகதியும் நேரமும் பதிந்த இத்தகைய வரைபடத்தைச் சேவை வழங்குநரிடமும், தேவைப்படின் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமும் முன்வைக்கும்போது, ‘நெட் வேலை செய்யவில்லை’ என்ற முறைப்பாடு, எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்ற விடையையும் உடன்கொண்டு செல்கிறது.