ஏழாவது ஆபரேஷனில்தான் கிடைத்தது! பாராதைராய்டைத் தேடும் ஸ்கேன் - ஏன், எப்போது, எப்படி?

அமெரிக்க வணிகக் கப்பல் கேப்டன் சார்லஸ் மார்ட்டெல், திடகாத்திரமான மனிதர். திடீரென அவருடைய எலும்புகள் பலவீனமாகி, அடுத்தடுத்து முறிய ஆரம்பித்தன. சிறுநீரகத்தில் கற்கள். உயரமே சுமார் 7 அங்குலம் குறைந்துபோனது. பாராதைராய்டு சுரப்பிதான் காரணம் என்று சந்தேகித்த மருத்துவர்கள், 1926-ல் அவரது கழுத்தைத் திறந்து தேடினார்கள். கிடைக்கவில்லை. ஒரு முறை, இரண்டு முறை அல்ல... ஆறு ஆபரேஷன்கள் வீணாகின. 1932-ல் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் நடந்த ஏழாவது ஆபரேஷனில்தான் அந்தக் கட்டி சிக்கியது. அது இருந்தது கழுத்தில் அல்ல, நெஞ்சுக்குள்! ஆனால், காலம் கடந்திருந்தது. சில வாரங்களிலேயே, சிறுநீரகக்கல்லால் வந்த சிக்கலில் அவர் இறந்துபோனார்.

இன்று கத்தியை எடுக்கும் முன்பே சுரப்பி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிப் பார்க்க, செஸ்டமிபி ஸ்கேன் இருக்கிறது.

அரிசி அளவுதான்... ஆனால்!

தைராய்டுக்குப் பின்னால், பெரும்பாலானவர்களுக்கு 4 பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் அரிசி அளவுதான். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் தைராய்டின் வேலை வேறு, இதன் வேலை வேறு. ரத்தத்தில் கால்சியம் அளவைச் சீராக வைத்திருப்பதுதான் பாராதைராய்டின் பொறுப்பு. இவற்றில் ஒன்று கட்டியாக வளர்ந்து ஹார்மோனை அதிகமாகச் சுரந்தால், எலும்பிலிருக்கும் கால்சியம் ரத்தத்துக்கு வந்துவிடும். சோர்வு, எலும்பு வலி, மலச்சிக்கல், மறதி, திரும்பத் திரும்ப வரும் சிறுநீரகக்கல் ஆகியவை இதன் அறிகுறிகளாக இருக்கலாம். 80 சதவிகிதத்துக்கும் அதிகமானவர்களுக்கு ஒரே ஒரு சுரப்பியில்தான் பிரச்னை இருக்கும். அது புற்றுநோயாக இருப்பது மிக அரிது.

எப்படி எடுக்கிறார்கள்?

டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருள் சேர்ந்த செஸ்டமிபி மருந்தைக் கை நரம்பில் ஊசியாகப் போடுவார்கள். சில நிமிடங்கள் கழித்து, காமா கேமரா கழுத்தையும் நெஞ்சையும் படம் எடுக்கும். சுமார் 2 மணி நேரம் கழித்து மறுபடியும் ஒரு படம். ஏன் இரண்டு? முதல் படத்தில் தைராய்டும் சேர்ந்து ஒளிரும். நேரம் ஆக ஆக தைராய்டிலிருந்து மருந்து வெளியேறிவிடும். கட்டி வந்த பாராதைராய்டோ மருந்தை எளிதில் விடாது. எனவே, இரண்டாவது படத்தில் மிச்சமிருக்கும் புள்ளியே மருத்துவர் தேடும் இடம். கூடவே சி.டி. ஸ்கேனும் எடுத்தால், அதன் ஆழமும் துல்லியமாகத் தெரியும்.

கதிரியக்கம் என்றதும் பயப்படத் தேவையில்லை. இந்த டெக்னீசியத்தின் வீரியம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துவிடும். ஆனால் கர்ப்பிணிகளும், தாய்ப்பால் கொடுப்பவர்களும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஸ்கேனில் தெரியாவிட்டால்?

இங்கேதான் பலர் குழம்பிப்போகிறார்கள். 'ஸ்கேன் நார்மல், அப்போ நோய் இல்லை' என்று நினைப்பது தவறு. நோய் இருக்கிறதா என்று முடிவு செய்வது ரத்தப் பரிசோதனையில் தெரியும் கால்சியம் மற்றும் பாராதைராய்டு ஹார்மோன் அளவுகள்தான். ஸ்கேன், ஆபரேஷனுக்கு வழிகாட்டும் வரைபடம் மட்டுமே. கட்டி மிகச் சிறியதாக இருந்தாலோ, ஒன்றுக்கும் மேற்பட்ட சுரப்பிகள் பாதிக்கப்பட்டிருந்தாலோ ஸ்கேனில் தெரியாமல் போகலாம். தைராய்டு கட்டி இருந்தால், அதுவே பாராதைராய்டு போலத் தெரிந்து ஏமாற்றவும் செய்யும். அதனால்தான் கழுத்து அல்ட்ராசவுண்டையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். எதிலும் தெரியாவிட்டாலும், அனுபவம் உள்ள அறுவை சிகிச்சை நிபுணரால் நான்கு சுரப்பிகளையும் நேரடியாகப் பார்த்துக் கண்டுபிடிக்க வாய்ப்பு அதிகம்.

இடம் தெளிவாகத் தெரிந்துவிட்டால், கழுத்தின் இரு பக்கமும் தேட வேண்டியதில்லை. சிறிய கீறலிலேயே வேலை முடிந்துவிடும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது அடிக்கடி சிறுநீரகக்கல் வருகிறதா? லேசாக விழுந்தாலே எலும்பு முறிகிறதா? அடுத்த முறை ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது, 'கால்சியமும் பார்க்கலாமா டாக்டர்?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்!