வணிகச் செயல்முறை மீள்வடிவமைப்பு

வணிகச் செயல்முறை மீள்வடிவமைப்பு என்பது, ஒரு நிறுவனத்தில் வேலை நடைபெறும் முறையை அடிப்படையிலிருந்து ஆராய்ந்து, செலவு, தரம், சேவை, விரைவு ஆகியவற்றில் பெரும் முன்னேற்றம் காணும் நோக்குடன் புதிதாக அமைக்கும் மேலாண்மை அணுகுமுறை ஆகும். ஒரு வேலையை எவ்வாறு விரைவாகச் செய்வது என்பதற்கு முன், அவ்வேலை தேவைதானா என்று வினவுவது இதன் சிறப்பியல்பு ஆகும். சிறுசிறு மேம்பாடுகளைத் தொடர்ந்து செய்யும் சப்பானிய கைசன் முறையிலிருந்து இது இவ்வகையில் வேறுபடுகின்றது.

தோற்றம்

மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் கணினியியல் பேராசிரியராக இருந்த மைக்கேல் ஹாமர், 1990 இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூ இதழில் எழுதிய கட்டுரை இக்கருத்தைப் பரவலாக்கியது. பழைய நடைமுறையை அப்படியே கணினிமயமாக்குவதால் பெரும் பயன் இல்லை என்று அவர் வாதிட்டார். 1993 இல் ஜேம்ஸ் சாம்பியுடன் இணைந்து அவர் எழுதிய நூல் பெருமளவில் விற்பனையானது.

எடுத்துக்காட்டு: ஃபோர்டு நிறுவனம்

ஹாமர் தம் கட்டுரையில் காட்டிய எடுத்துக்காட்டுகளுள் தானுந்து உற்பத்தி நிறுவனமான ஃபோர்டு பெரிதும் அறியப்பட்டது. 1980களின் தொடக்கத்தில், உதிரிப்பாகங்களை வழங்குவோருக்குப் பணம் செலுத்தும் அதன் வட அமெரிக்கக் கணக்குப் பிரிவில் 500 இற்கும் மேற்பட்டோர் பணியாற்றினர். புதிய கணினிகளைக் கொண்டு இதனை 400 ஆகக் குறைக்க மேலாளர்கள் எண்ணினர். ஆனால் மாசுடா நிறுவனத்தில் இதே பணியை 5 பேரே செய்துவந்தனர். மாசுடா அளவிற் சிறியது என்பதைக் கணக்கில் கொண்டாலும், ஃபோர்டின் பிரிவு தேவையைப் போல் ஐந்து மடங்கு பெரியதாக இருந்தது.

பழைய முறையில் கொள்முதல் ஆணை, சரக்குப் பெற்றதற்கான சீட்டு, வழங்குநரின் விலைப்பட்டியல் ஆகிய மூன்றும் கணக்குப் பிரிவுக்கு வந்து சேரும். அவற்றிலுள்ள 14 விவரங்களும் பொருந்தினால் மட்டுமே பணம் செலுத்தப்படும். பொருந்தாதவற்றின் காரணத்தைத் தேடுவதிலேயே ஊழியர்களின் நேரத்தில் பெரும்பகுதி கழிந்தது.

புதிய முறையில் விலைப்பட்டியலே நீக்கப்பட்டது. கொள்முதல் ஆணை தரவுத்தளத்தில் பதியப்படும். சரக்கு வந்திறங்கும் இடத்தில் உள்ள ஊழியர் அதனைப் பதிவுடன் ஒப்பிட்டு, பொருந்தினால் ஏற்பார். இல்லையெனில் திருப்பி அனுப்புவார். ஒப்பிட வேண்டிய விவரங்கள் 14 இலிருந்து 3 ஆகக் குறைந்தன. அப்பிரிவின் ஆளணி 75 விழுக்காடு குறைந்தது. கணக்குப் பிரிவை மட்டும் சீர்திருத்தாமல், கொள்முதல் முதல் பணம் செலுத்துதல் வரையான முழுச் செயல்முறையையும் மாற்றியதே இதற்குக் காரணம் ஆகும்.

விமர்சனங்கள்

1990களில் பல நிறுவனங்கள் ஆட்குறைப்புக்கு இப்பெயரைப் பயன்படுத்தின. இதனால் "மீள்வடிவமைப்பு" என்ற சொல்லே ஊழியர்களிடையே அச்சத்தை ஏற்படுத்தியது. இக்கருத்தின் முன்னோடிகளுள் ஒருவரான தாமஸ் டேவன்போர்ட், இது மனிதர்களை மறந்துவிட்டது என 1995 இல் விமர்சித்தார். மனிதக் கூறுக்குத் தாம் போதிய மதிப்பு அளிக்கவில்லை என்று ஹாமரும் 1996 இல் ஒப்புக்கொண்டார். ஒரு செயல்முறையின் குறைகளை அதில் நாள்தோறும் ஈடுபடுவோரே நன்கு அறிவர். அவர்கள் தம் வேலையை இழக்க நேரும் என அஞ்சினால் அக்குறைகளை வெளிப்படுத்தத் தயங்குவர். அந்நிலையில் மீள்வடிவமைப்பு வெற்றிபெறுவது கடினம்.