பெயர் தெரியாத கம்பெனி வீல் லோடர்: எதைப் பார்த்து வாங்குவது?

கல்குவாரிக்கோ கிரஷருக்கோ வீல் லோடர் தேடுகிறவர் முன் இரண்டு விலைகள் வந்து நிற்கும். கேட்டர்பில்லர், கோமாட்சு, வால்வோ, ஜே.சி.பி. போன்ற பழகிய பெயர்களின் விலை ஒன்று. சுற்றுவட்டாரத்தில் யாரும் ஓட்டிப் பார்க்காத கம்பெனியின் விலை இன்னொன்று; அது கணிசமாகக் குறைவாக இருக்கும். அந்தக் குறைந்த விலை வண்டி நம்பகமானதா என்பதைப் பக்கவாட்டில் எழுதியிருக்கும் பெயர் சொல்லாது. உள்ளே இருக்கும் எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்சில், ஹைட்ராலிக் பம்ப் ஆகியவை யாருடையவை, பழுதானால் ஸ்பேர் எப்போது கைக்கு வரும் என்ற இரண்டு கேள்விகளே சொல்லும்.

லோடர் படும் பாடு மற்ற வண்டிகளுக்குக் கிடையாது. குவியலில் பாய்ந்து அள்ளி, பின்வாங்கி, திரும்பி, டிப்பரில் கொட்டும் ஒரு சுற்று ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் முன் கியரும் பின் கியரும் மாறி மாறி விழுகின்றன. நடுவில் மடங்கும் சேசிஸ் சுமையோடு முறுக்கப்படுகிறது. டயர் கல்லில் உரசுகிறது. லோடர் நின்றால் டிப்பர் வரிசை நிற்கும், ஜல்லியும் எம்-சாண்டும் யார்டிலேயே கிடக்கும். ஆகவே இதில் மலிவு என்பது வாங்கும் நாளில் தெரிவதில்லை.

அதிகம் அறியப்படாத பெயர்களில் பெரும்பாலானவை சீனாவிலிருந்து வருபவை. அங்கே இந்தத் தொழிலின் தொடக்கம் குவாங்சியில் உள்ள லியூஜோ நகரம். லியூகாங் நிறுவனம் 1966-இல் இசட்435 என்ற லோடரைத் தயாரித்தது. பின்னர் வந்த இசட்.எல்.50 என்ற வடிவமைப்பைச் சீனாவின் பல தொழிற்சாலைகள் எடுத்துக்கொண்டன. அதிலுள்ள 50 என்பது 5 டன் சுமையைக் குறிக்கும். ஒரே வடிவமைப்பைப் பலர் செய்ததால் ஒரு நன்மை விளைந்தது: டார்க் கன்வர்ட்டர், கியர் பம்ப், பிரேக் பேட், பக்கெட் பல் எனப் பல பாகங்கள் கம்பெனிக்குக் கம்பெனி பொருந்தும். அதிலேயே ஒரு தொல்லையும் இருக்கிறது. வண்டியின் வெளித்தோற்றத்தை வைத்து நல்ல தயாரிப்பையும் மட்டமான தயாரிப்பையும் பிரிக்க முடியாது.

ஒரு நாட்டில் அறியப்படாத பெயர் இன்னொரு நாட்டில் பெரிய கம்பெனியாக இருக்கலாம். லியூகாங் 2009 முதல் மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் ஆலை நடத்துகிறது. 2012-இல் போலந்தின் ஸ்டாலோவா வோலா ஆலையின் கட்டுமான எந்திரப் பிரிவை வாங்கியது. ஷான்டாங் மாகாணத்தின் எஸ்.டி.எல்.ஜி. நிறுவனத்தின் 70 விழுக்காடு பங்கை வால்வோ 2007-இல் வாங்கிப் பல ஆண்டுகள் தன்வசம் வைத்திருந்தது. இவை ஒரு ரகம். வெளியிலிருந்து எஞ்சினும் ஆக்சிலும் வாங்கிச் சேசிஸில் பூட்டி விற்கும் சிறு ஆலைகள் இரண்டாவது ரகம். ஷான்டாங்கின் லாய்ஜோ, சிங்ஜோ பகுதிகளில் இவை நிறைய. வாங்கிய பாகங்கள் நல்லவையாக இருந்தால் இந்த வண்டியும் ஓடும். மூன்றாவது ரகம், இறக்குமதி செய்பவர் தன் ஸ்டிக்கரை ஒட்டி விற்பது. வண்டியை உண்மையில் யார் செய்தார்கள் என்பதை விற்பவரே சொல்ல மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வது நல்லது. சேசிஸில் உள்ள பிளேட்டில் 17 எழுத்து-இலக்கங்கள் கொண்ட அடையாள எண் இருக்க வேண்டும். அதே எண் சேசிஸ் இரும்பிலும் குத்தப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்து உள்ளுறுப்புகள். 5 டன் லோடருக்கு 160 கிலோவாட் அளவில் எஞ்சின் தேவை. வெய்சாய், ஷாங்சாய், கம்மின்ஸ் என எதுவானாலும் அந்த எஞ்சின் லாரியிலோ ஜெனரேட்டரிலோ உள்ளூரில் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஓடினால் இன்ஜெக்டரும் கேஸ்கெட்டும் தேடி அலைய வேண்டியதில்லை. அதைப் பிரித்துப் பழகிய மெக்கானிக்கும் கிடைப்பார். கியர்பாக்ஸில் இரு வழிகள் உண்டு. பழைய இசட்.எல்.50 முறையில் முன்னால் 2 கியர், பின்னால் 1. பிரிப்பது எளிது, விலையும் குறைவு. ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனத்தின் 4டபிள்யூ.ஜி.200 முறையில் முன்னால் 4, பின்னால் 3. மாற்றம் மென்மையானது, ஆனால் எலெக்ட்ரிக் கட்டுப்பாட்டைப் புரிந்த ஆள் வேண்டும். ஒரே யார்டில் குறுகிய தூரம் அள்ளிக் கொட்டுவதற்கு முதலாவது போதும். மேடு ஏறி நீண்ட தூரம் சுமக்கும் இடத்துக்கு இரண்டாவதே பொருத்தம்.

விற்பனைத் தாளில் அதிகம் ஏமாற்றும் எண் சுமை. மாடல் பெயரில் 30, 36, 50 என்று இருப்பதால் மட்டும் வண்டி அவ்வளவு தூக்கிவிடாது. சேசிஸ் முழுவதும் மடங்கிய நிலையில் எவ்வளவு எடையில் வண்டி முன்னால் சாயும் என்பதைக் கணக்கிடும் முறையை ஐ.எஸ்.ஓ. 14397 தரம் வரையறுக்கிறது. அந்த எடையில் பாதியே உறுதியான தரையில் அனுமதிக்கப்படும் சுமை. ஆக 5 டன் என்று சொல்லும் லோடர் மடங்கிய நிலையில் 10 டன் வரை சாயக் கூடாது. சில தாள்களில் வண்டி நேராக நிற்கும்போது உள்ள எண் மட்டும் இருக்கும்; அது எப்போதும் கூடுதலாகத்தான் வரும். மடங்கிய நிலை எண்ணைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். வண்டியின் மொத்த எடையும் ஒரு சாட்சி. நல்ல 5 டன் லோடர் 16, 17 டன் எடை இருக்கும். அதைவிட மிகக் குறைந்த எடையில் அதே சுமையைச் சொன்னால் எங்கோ இரும்பு குறைந்திருக்கிறது.

பக்கெட்டையும் அள்ளும் பொருளை வைத்தே முடிவு செய்ய வேண்டும். எம்-சாண்ட் கன மீட்டருக்குச் சுமார் 1.6 டன், 3 கன மீட்டர் பக்கெட்டில் 4.8 டன் வரும், அளவு சரி. அதே பக்கெட்டில் 2.5 டன் அடர்த்தியுள்ள இரும்புத் தாது அள்ளினால் 7.5 டன் ஏறி ஆக்சிலைத் தின்றுவிடும். நிலக்கரிக்கு 3 கன மீட்டர் போதாது. இந்தக் கணக்கைத் தானாகவே போட்டுக் காட்டும் டீலர் நல்ல டீலர்.

இந்தியாவில் 2025 ஜனவரி முதல் கட்டுமான எந்திரங்களுக்கு ஐந்தாம் கட்டப் புகை விதி நடைமுறைக்கு வந்துவிட்டது. 160 கிலோவாட் அளவு எஞ்சினில் புகைத் துகள் வடிகட்டியும் யூரியா திரவமும் சென்சார்களும் சேர்ந்துவிட்டன. ஒரு சென்சார் போனால் எஞ்சின் தன் வலுவைத் தானே குறைத்துக்கொள்ளலாம். பழுதுக் குறியீட்டைப் படித்துக் காரணத்தைச் சொல்ல அந்தக் கம்பெனியின் மென்பொருள் வேண்டும். பெயர் தெரியாத கம்பெனியில் பெரிய ஆபத்து இன்று இங்கேதான் இருக்கிறது. அந்த மென்பொருள் போட்ட லேப்டாப் எந்த ஊரில், யார் கையில் இருக்கிறது என்பதற்கு ஆள் பெயரோடு பதில் வர வேண்டும். பொதுச் சாலையில் ஓட்டிச் செல்வதென்றால் ஏ.ஆர்.ஏ.ஐ. அல்லது ஐ.சி.ஏ.டி. சோதனை நிறுவனம் அளித்த வகை ஒப்புதல் சான்றையும் முன்பணத்துக்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

ஸ்பேர் கிடைக்கும் என்ற வாய்ச்சொல்லைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஸ்டியரிங் சிலிண்டர் சீல் கிட், கியர்பாக்ஸ் பம்ப், வாட்டர் பம்ப், முன் ஆக்சில் ஹப் பேரிங், எஞ்சின் சென்சார் என ஐந்தாறு பாகங்களின் எண்ணையும் விலையையும் எழுத்தில் கேட்டு, அவற்றில் இரண்டை அன்றே பணம் கொடுத்து வாங்கிப் பார்க்கலாம். கிடங்கில் இருந்தால் பெட்டி வெளியே வரும். ஃபில்டரும் பக்கெட் பல்லும் எல்லோரிடமும் இருப்பவை; அவற்றைக் காட்டுவது ஆதாரம் ஆகாது.

வண்டியை ஓட்டிப் பார்க்கும்போது ஆயில் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும். பிரேக் மிதித்ததும் கியரைத் துண்டிக்கும் சுவிட்ச் இருந்தால் அதை அணைத்து, முன்னால் யாரும் இல்லாத இடத்தில் பிரேக்கை இறுக்கி, மேல் கியரில் ஆக்சிலரேட்டரைச் சில நொடிகள் முழுவதும் அழுத்தினால் எஞ்சின் ஒரு வேகத்தில் நின்றுவிடும். சர்வீஸ் புத்தகம் சொல்லும் எண்ணைவிடக் குறைந்தால் எஞ்சினில் வலு இல்லை. கூடினால் கிளட்சோ கன்வர்ட்டரோ வழுக்குகிறது. பிறகு நிறைந்த பக்கெட்டை உயர்த்தி எஞ்சினை அணைத்துப் பார்க்க வேண்டும், அடியில் யாரும் நிற்காமல். பக்கெட்டைத் தாங்கும் கை மளமளவென்று இறங்கினால் சிலிண்டர் சீலிலோ வால்விலோ கசிவு.

ஆனால் புது வண்டி எல்லாச் சோதனையிலும் தேறிவிடும். அதே மாடல் 5,000, 6,000 மணி நேரம் ஓடிய யார்டுக்குப் போய்ப் பார்ப்பதற்கு ஈடான சோதனை வேறில்லை. அங்கே பக்கெட்டைத் தரையில் ஊன்றி முன் டயர்களைச் சற்றே தூக்கச் சொல்லி, நடு மடிப்பில் உள்ள மேல் பின்னையும் கீழ் பின்னையும் விலகி நின்று கவனிக்க வேண்டும். சேசிஸின் இரண்டு பாதிகளுக்கு நடுவே இடைவெளி திறந்து மூடுவது கண்ணுக்குத் தெரிந்தால் பின்னும் புஷ்ஷும் தேய்ந்துவிட்டன. கிரீஸ் ஒழுங்காகப் போட்ட வண்டியிலும் அப்படி இருந்தால் குறை வடிவமைப்பில். கையும் சேசிஸும் சேரும் வெல்டிங் ஓரங்களில் மயிரிழை விரிசலோ மறு வெல்டிங் தழும்போ இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஓனரைவிட ஆபரேட்டரிடம் கேட்டால் விஷயம் வரும்: எத்தனை நாள் நின்றது, எதற்காக நின்றது, மணிக்கு எத்தனை லிட்டர் டீசல். ஆண்டுக்கு 2,000 மணி நேரம் ஓடும் லோடரில் மணிக்கு 2 லிட்டர் கூடினால் 4,000 லிட்டர் கூடுதல் செலவு. விலையில் மிச்சப்படுத்தியது சில ஆண்டுகளில் கரைந்துவிடும்.

வாரன்டியில் எத்தனை ஆண்டு என்பதைவிட எத்தனை மணி நேரம் என்பதே முக்கியம். இரண்டு ஷிப்ட் யார்டில் மணி நேரக் கணக்குதான் முதலில் தீரும். மெக்கானிக்கின் பயணச் செலவு யாருடையது, எத்தனை நாளுக்குள் வருவார், வண்டி நின்றால் மாற்று வண்டி உண்டா என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். சில வங்கிகள் பழகாத பெயருக்குக் கடன் தரத் தயங்கும். திரும்ப விற்கும்போதும் விலை விழும். அந்த இழப்பைத் தொடக்க விலையோடு கூட்டிய பிறகும் கணக்கு லாபமாக வந்தால் வாங்கலாம். அப்போதும் தொகையில் ஒரு பகுதியை, சொந்த யார்டில் சொந்த ஆபரேட்டர் குறிப்பிட்ட மணி நேரம் ஓட்டி முடித்த பிறகே தருவதாக ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.