புல் வெட்டும் யந்திரமும் அதன் வைத்தியமும்

ஆஸ்திரேலியா தேசத்தில் ஸெப்டம்பர் மாதம் பிறந்தால் வஸந்த காலம் பிறந்ததாக அர்த்தம். பூமியின் தென் பாதியில் பருவங்கள் தலைகீழாக நடப்பதால், நம் நாட்டில் புரட்டாசி பிறக்கும் சமயத்தில் அவர்களுடைய தோட்டங்களில் புல் மளமளவென்று வளரத் தொடங்குகிறது. ஸிட்னி நகரத்தில் தனி வீடு உடையவர்கள் அநேகமாய் வீட்டுக்கு முன்னும் பின்னும் புல்தரை வைத்திருப்பார்கள். அதை வளரவிட்டுச் சும்மா இருந்தால் அண்டை வீட்டாரின் பார்வையே மாறிவிடும். மேற்கு ஸிட்னியில் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களும் இந்த ஊர் வழக்கத்துக்கு விலக்கல்ல.

ஆகவே வஸந்தத்தின் முதல் சனிக்கிழமையன்று கொட்டகையில் மூன்று மாத காலம் உறங்கிய யந்திரம் வெளியே வருகிறது. வீட்டுக்காரர் கயிற்றைப் பற்றி இழுக்கிறார். ஒரு தடவை, பத்துத் தடவை, இருபது தடவை! தோள்பட்டை நோகிறதே தவிர, யந்திரம் மௌன விரதத்தைக் கலைப்பதாயில்லை. "இது தீர்ந்துவிட்டது" என்று தீர்ப்பாகிறது. நகரசபையார் பழைய சாமான்களை அள்ளிச் செல்லும் நாளில், உடைந்த நாற்காலிகளோடு அதுவும் தெரு ஓரத்தில் போய் நிற்கிறது.

அவ்வாறு நிற்பவற்றில் பல, செத்த யந்திரங்களே அல்ல. ஒன்றுக்கு வயிற்றில் கெட்டுப்போன பெட்ரோல். இன்னொன்றுக்கு மூக்கில் அடைத்த தூசி. மற்றொன்றுக்கு நாக்கில் கரி. இவ்வளவுதான் வியாதி. நோய் இன்னதென்று வரிசையாக விசாரிக்கத் தெரிந்தவருக்கு ஒரு மணி நேர வேலை. தெரியாதவருக்குப் புதிய யந்திரத்தின் விலை. அந்த விசாரணை முறையை நேயர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

யந்திரத்தின் பூர்வோத்திரம்

புல் வெட்டும் யந்திரத்தை முதன் முதலில் கண்டுபிடித்தவர் இங்கிலாந்தில் ஸ்டிரௌட் என்னும் ஊரைச் சேர்ந்த எட்வின் படிங். கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் நூல்களைச் சீராகக் கத்தரிப்பதற்கு அந்த ஊர் ஆலைகளில் ஒரு யந்திரம் இருந்தது. துணியைக் கத்தரிப்பது புல்லையும் கத்தரிக்குமல்லவா என்று அவர் யோசித்தார். 1830-ம் வருஷம் அதற்குப் பேடண்டு உரிமை கிடைத்தது. அது ஆள் தள்ளும் யந்திரம். உருளையில் பொருத்திய கத்திகள் கத்தரிக்கோல் போல் வெட்டும்.

ஸிட்னிவாசிகளின் கதை 1952-ல் ஆரம்பமாகிறது. அந்நகரின் கன்கார்ட் பகுதியில் மெர்வின் விக்டர் ரிச்சர்ட்ஸன் என்பவர் தம் வீட்டு மோட்டார்க் கொட்டகையில் ஒரு யந்திரத்தைச் சேர்த்து முடித்தார். பழைய இரும்புச் சாமான்களே உடம்பு. குப்புறச் சாய்த்து வைத்த வில்லியர்ஸ் எஞ்ஜின் ஒன்றே உயிர். பீச் பழம் அடைத்து விற்ற காலித் தகர டப்பாவே பெட்ரோல் தொட்டி! உருளைக்குப் பதிலாகத் தரைக்குச் சமமாகச் சுழலும் கத்தி உயரமான புல்லையும் களையையும் தயங்காமல் வெட்டிற்று. தம் நடுப் பெயரைச் சற்றே திருத்தி அதற்கு "விக்டா" என்று பெயரிட்டார். 2000-ம் வருஷம் ஸிட்னியில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்தின் தொடக்க விழாவில் இந்த யந்திரங்களும் அணிவகுத்து வந்தன என்றால், அத்தேசத்தார் அதன்மேல் வைத்திருக்கும் அபிமானம் விளங்கும்.

கொட்டகையில் பிறந்த யந்திரத்தைக் கொட்டகையிலேயே பழுது பார்ப்பது முடியாத காரியமல்ல. ஆனால் அதற்கு முன் ஒரு கண்டிப்பான விதி இருக்கிறது.

முதல் விதி

யந்திரத்தைக் கவிழ்ப்பதற்கும் கத்தியருகே கை கொண்டுபோவதற்கும் முன், ஸ்பார்க் பிளக்கின் தலையில் மாட்டியிருக்கும் தடித்த கம்பியைக் கழற்றி, தூரமாக ஒதுக்கி வைத்துவிட வேண்டும். எஞ்ஜின் நின்றிருக்கிறதே, கயிற்றையும் யாரும் இழுக்கவில்லையே என்று அசட்டையாக இருக்கலாகாது. கத்தியும் எஞ்ஜினும் ஒரே தண்டில் இணைந்தவை. கத்தியில் சிக்கிய புல்லை எடுப்பதற்காக அதைக் கையால் ஒரு சுற்றுத் திருப்பினாலே, ஸிலிண்டரில் தங்கிய ஆவி பற்றிக்கொண்டு கத்தி ஒரு வீச்சு வீசக்கூடும். விரல் போவதற்கு அந்த ஒரு வீச்சுப் போதும். அரை நிமிஷ வேலையை மிச்சம் பிடிப்பதற்காக விரலைப் பந்தயம் வைப்பது புத்திசாலித்தனமன்று.

அடைத்த கொட்டகைக்குள் எஞ்ஜினை ஓட்டலாகாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆளை மயக்கிக் கொன்றுவிடும். எஞ்ஜின் சூடாயிருக்கும்போது பெட்ரோல் ஊற்றுவதும் கூடாது.

மூன்று கேள்விகள்

எவ்வளவு முரண்டு பிடிக்கும் பெட்ரோல் எஞ்ஜினானாலும் அதற்கு வேண்டியவை மூன்றுதான்: காற்றோடு சரியான அளவில் கலந்த பெட்ரோல், அந்தக் கலவையை நெருக்கி அழுத்தும் இறுக்கம், அழுத்திய தருணத்தில் ஒரு பொறி. மூன்றும் கூடினால் எஞ்ஜின் ஓடியே தீரும். ஆகவே மூன்றையும் ஒவ்வொன்றாக விசாரித்துவிட்டால் குற்றவாளி அகப்பட்டுவிடுவான். கண்டதையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, கடைசியில் மிஞ்சிய இரண்டு திருகாணிகளைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்க வேண்டிய அவசியமில்லை.

முதலில் பெட்ரோல். சென்ற பருவத்தில் தொட்டியில் விட்டுவைத்த பெட்ரோல் பார்வைக்குப் பெட்ரோலாகவே இருக்கும். ஆனால் எளிதில் பற்றும் லேசான பாகங்கள் ஆவியாய்ப் போயிருக்கும். எஞ்சியது நாளடைவில் பிசின் போல் திரிந்து, கார்புரேட்டரின் ஊசித் துவாரங்களை அடைத்துவிடும். ஸிட்னியில் பத்துச் சதவிகிதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோலும் விற்கிறார்கள். எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டாகையால், அது நெடுநாள் தங்கினால் உள்ளே துருவும் பிடிக்கும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட பெட்ரோலைச் சந்தேகிக்க வேண்டும். அதை வடித்தெடுத்துப் புதிதாக ஊற்றிப் பார்ப்பதே முதல் சிகிச்சை. வடித்ததைச் சாக்கடையில் கொட்டாமல், நகரசபையார் ஏற்கும் இடத்தில் சேர்ப்பிக்க வேண்டும்.

அதற்கும் மசியாவிட்டால் கார்புரேட்டரைத் திறக்க வேண்டும். பல எஞ்ஜின்களில் அதன் அடியில் ஒரு சிறு கிண்ணமும், அதைத் தாங்கும் ஒரே ஒரு திருகாணியும் இருக்கும். சிலவற்றில் பெட்ரோல் செல்லும் நுண்ணிய துவாரம் அத்திருகாணியிலேயே துளைக்கப்பட்டிருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் அடைப்புத் தெரிந்துவிடும். இதற்கென்று விற்கும் திரவத்தைப் பீச்சிச் சுத்தம் செய்யலாம். மெல்லிய செப்புக் கம்பி இழை ஒன்றையும் நுழைக்கலாம். எஃகு ஊசியால் குத்தினால் துவாரம் பெரிதாகி, எஞ்ஜின் அளவுக்கு மீறிப் பெட்ரோல் குடிக்கும். கழற்றுவதற்கு முன் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், திரும்பப் பூட்டும்போது தர்க்கம் நேராது.

காற்று வடிகட்டியையும் இப்போதே பார்த்துவிடலாம். நுரைப் பஞ்சால் ஆனதைச் சவுக்கார நீரில் அலசி, நன்றாய் உலர்த்தி, சில துளி எஞ்ஜின் எண்ணெய் தடவிப் பிழிந்து வைக்க வேண்டும். காகிதத்தால் ஆனதைத் தட்டித் தூசியை உதிர்க்கலாமே ஒழிய நனைக்கலாகாது. மிகவும் அழுக்கேறியிருந்தால் புதிது வாங்குவதே சரி.

அடுத்தபடியாகப் பொறி. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் எஞ்ஜினின் ஜாதகமே அதன் நுனியில் எழுதியிருக்கும். இளம் பழுப்பு நிறமானால் ஆரோக்கியம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி அல்லது காற்று குறைவு. பெட்ரோலில் நனைந்திருந்தால் எரிபொருள் வருகிறது, பொறிதான் சரியில்லை, அல்லது இழுத்த இழுப்பில் பெட்ரோல் வெள்ளமாய்ப் பெருகிவிட்டது. பலமுறை இழுத்த பிறகும் ஈரமே இல்லையானால் பெட்ரோல் வந்து சேரவில்லை. கம்பித் தூரிகையால் கரியைத் துடைத்து, நுனியின் இடைவெளியை அளந்து பார்க்க வேண்டும். பிரிக்ஸ் அண்டு ஸ்டிராட்டன் எஞ்ஜின்கள் பலவற்றுக்கு அது 0.76 மில்லிமீட்டர். மற்றவற்றுக்கு அந்தந்தக் கையேட்டைப் பார்க்க வேண்டும்.

பொறி வருகிறதா என்று பார்ப்பதற்குக் கடையில் கிடைக்கும் சிறு சோதனைக் கருவியே உத்தமம். கம்பிக்கும் எஞ்ஜினின் உலோகத்துக்கும் நடுவே அதை மாட்டி, யந்திரத்தைச் சக்கரங்களில் நேராக நிறுத்தி, கைகால்களை விலக்கிக்கொண்டு கயிற்றை இழுத்தால் பளிச்சென்று பொறி தெரியும். சிந்திய பெட்ரோல் எதுவும் பக்கத்தில் இருக்கலாகாது. பொறி தெரியாவிட்டால், கைப்பிடியை விட்டதும் எஞ்ஜினை நிறுத்துவதற்காகப் போயிருக்கும் மெல்லிய கம்பியைப் பார்க்க வேண்டும். அதன் உறை தேய்ந்து உலோகத்தில் பட்டுக்கொண்டிருந்தால் பொறி அங்கேயே விழுங்கப்பட்டுவிடும். பிளக்கும் கம்பியும் சரியாயிருந்தும் பொறி இல்லையேல், குற்றம் மின்சாரச் சுருளில் இருக்கக்கூடும்.

மூன்றாவது இறுக்கம். கயிற்றை மெதுவாக இழுத்தால் ஓரிடத்தில் எதிர்ப்புத் தெரிய வேண்டும். எதிர்ப்பே இல்லாமல் வழவழவென்று வந்தால், பிளக் துவாரத்தின் வழியாக ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டுப் பார்ப்பது பழைய உபாயம். இறுக்கம் கூடினால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கலாம்; கூடாவிட்டால் வால்வோ தலைப்பக்கத்துக் காஸ்கெட்டோ சந்தேகத்துக்கு உரியது. இந்த இடத்தில் அநுபவமுள்ள மெக்கானிக்கிடம் ஒப்படைப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. நோய் இன்னதென்று அறிந்து அவரிடம் செல்வதே பாதி லாபம்.

கல்லில் மோதிய கதை

மூன்றும் சரியாகத் தோன்றியும் எஞ்ஜின் ஓட மறுக்கிறதா? கயிறு கையைப் பின்னுக்கு வெடுக்கென்று இழுக்கிறதா? அப்படியானால் கத்தி சமீபத்தில் மரவேரிலோ கல்லிலோ மோதியதுண்டா என்று விசாரிக்க வேண்டும். பிளைவீலையும் தண்டையும் சரியான நிலையில் நிறுத்துவது மெத்தென்ற உலோகத்தாலான ஒரு சிறு ஆப்பு. மோதலில் அது நசுங்கிவிட்டால் பிளைவீல் இம்மியளவு நகர்ந்து, பொறி தவறான தருணத்தில் விழும். ஆப்பின் விலை அற்பம். ஆனால் அதற்குப் பதிலாக இரும்புத் துண்டைச் செருகும் சாமர்த்தியம் வேண்டாம். அடுத்த மோதலில் தண்டே சேதமாகலாம். தண்டு வளைந்திருந்தால் யந்திரம் முழுவதும் கிடுகிடுவென்று நடுங்கும். அத்தகைய யந்திரத்துக்கு ஓய்வு கொடுப்பதே தர்மம்.

வருமுன் காத்தல்

வைத்தியத்தைக் காட்டிலும் பத்தியம் மேலானது. முதலில் நம் யந்திரம் எந்த வகுப்பு என்று தெரிய வேண்டும். பழைய விக்டா போன்ற இரண்டு வீச்சு எஞ்ஜின்களில் எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்ற வேண்டும். இருபத்தைந்துக்கு ஒன்று என்று குறித்திருந்தால், ஒரு லிட்டருக்கு 40 மில்லிலிட்டர். வெறும் பெட்ரோலை ஊற்றினால் பிஸ்டன் வழவழப்பின்றிச் சூடேறி ஸிலிண்டரோடு இறுகிப்போகும்.

நான்கு வீச்சு எஞ்ஜின்களுக்கு எண்ணெய் தனியறையில் இருக்கும். ஒவ்வொரு தடவையும் அளவைப் பார்த்துவிட்டே ஓட்ட வேண்டும். ஐம்பது மணி நேர ஓட்டத்துக்கோ வருஷத்துக்கோ ஒரு முறை, எஞ்ஜின் இளஞ்சூடாய் இருக்கையில், பழையதை வடித்துப் புதிதாக விட வேண்டும். இவ்வகை எஞ்ஜின்களைச் சாய்க்கும்போது காற்று வடிகட்டி மேல்நோக்கி இருக்கட்டும். இல்லாவிட்டால் எண்ணெய் ஓடி அதை நனைத்து, அடுத்த தடவை ஊரெல்லாம் வெண்புகை கிளம்பும்.

கடைசியாக, மிக முக்கியமானது: பருவத்தின் இறுதி வெட்டு முடிந்ததும் தொட்டியில் மிஞ்சிய பெட்ரோலை வடித்துவிட்டு, எஞ்ஜின் தானாக நிற்கும் வரையில் வெளியில் ஓடவிட வேண்டும். இந்தப் பத்து நிமிஷ வேலையைச் செய்தவர்களில் பலருக்கு ஸெப்டம்பரில் தோள் நோவதில்லை.

மின்கலத்தால் ஓடும் யந்திரங்கள் பெருகிவரும் காலம் இது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தார் 2021-ல் சட்டம் செய்து, 2024-ம் வருஷ மாதிரிகள் முதல் புகை கக்கும் புதிய சிறு எஞ்ஜின்களின் விற்பனைக்குத் தடை விதித்தார்கள். ஏற்கனவே வீட்டில் இருப்பதை உபயோகிக்கத் தடையில்லை. பெட்ரோல் யந்திரத்தின் காலம் இனி எவ்வளவாயினும், கொட்டகைகளில் ஏற்கனவே நிற்பவற்றை வீணாக்குவானேன்? சரியாக எரியும் எஞ்ஜின் குறைவாகக் குடிக்கிறது, குறைவாகப் புகைக்கிறது. அதைப் பேணத் தெரிந்தவர் பணத்தை மட்டுமா மிச்சப்படுத்துகிறார்? நின்றுபோன எந்தப் பொருளைக் கண்டாலும் "தீர்ந்துவிட்டது" என்று சொல்லுமுன் "உனக்கு என்ன குறை?" என்று வரிசையாகக் கேட்கும் பழக்கம் அவருக்கு வாய்க்கிறது. பக்கத்தில் நின்று ஸ்பானரை எடுத்துக் கொடுக்கும் குழந்தைக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொள்கிறது. ஒரு வீட்டுக்கு இது சிறிய ஆஸ்தியல்ல.