மூன்று காரை இழுக்க எந்தக் கொக்கி?

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில், புதுக் கார்களை மாடி மாடியாக அடுக்கிக்கொண்டு ஊர்ந்து போகும் நீளமான டிரெய்லர் லாரியைப் பார்த்திருக்கிறீர்களா? அடுத்த முறை பார்த்தால், கார்களை எண்ணுவதோடு நிறுத்திவிடாதீர்கள். லாரியும் டிரெய்லரும் எந்த இடத்தில் சேர்கின்றன என்று கவனியுங்கள். சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது!

அமெரிக்காவில் பெரிய லாரிகள் மட்டுமல்ல, 'பிக்கப்' வண்டிகளும் இந்த வேலையைச் செய்கின்றன. பின்னால் திறந்த தொட்டி இருக்குமே, அதுதான் பிக்கப். அதில் டிரெய்லரை மாட்டி, ஒரே நடையில் மூன்று கார்களைக்கூட ஏற்றிப் போவார்கள். ஆனால் எந்த வகை இணைப்பை மாட்டுவது? இதில் தப்பு செய்தால் வண்டிக்கும் ஆபத்து, எதிரே வருபவர்களுக்கும் ஆபத்து.

முன்பாரம், பின்பாரம்

மாட்டு வண்டி ஓட்டிய தாத்தா யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். மூட்டைகளைப் பின்னால் குவித்தால் பின்பாரமாகி, நுகத்தடி மேலே தூக்கும். முன்னால் குவித்தால் முன்பாரமாகி, மாட்டின் கழுத்தை அழுத்தும். அதனால் அளவு பார்த்துத்தான் ஏற்றுவார்கள்.

டிரெய்லருக்கும் அதே கணக்குதான். அதன் சக்கரங்களுக்கு முன்பக்கம் பாரம் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். அப்போதுதான் இணைப்பின் மேல் போதிய அழுத்தம் இருக்கும். பின்பாரமாகிவிட்டால், வேகமாகப் போகும்போது டிரெய்லர் இப்படியும் அப்படியுமாக ஆடத் தொடங்கும். ஆட்டம் முற்றினால், இழுக்கும் வண்டியையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும்!

பந்துக் கொக்கி

வண்டியின் பின்பக்கம், கீழே ஓர் இரும்புப் பந்து. அதன்மேல் டிரெய்லரின் கிண்ணம் போன்ற முனை கவிழ்ந்து பூட்டிக்கொள்ளும். எளிமையானது, விலையும் குறைவு. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இந்தப் பந்தின் மேல் அழுத்த வேண்டும் என்பது பொது விதி.

இப்போது ஒரு கணக்கு. ஒரு கார் 1.5 டன் என்றால் மூன்று கார் 4.5 டன். டிரெய்லரின் எடை 2.5 டன் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 7 டன். அதில் 10 சதவீதம் என்றாலே 700 கிலோ! அத்தனையும் பின்சக்கரங்களைத் தாண்டி, வால் பகுதியில் அழுத்தும். சீசாவில் குண்டுப் பையன் ஒரு பக்கம் உட்கார்ந்தது போல, பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் தூக்கும். முன்சக்கரங்கள் தரையைச் சரியாகப் பிடிக்காவிட்டால், ஸ்டியரிங்கைத் திருப்பியும் பயனில்லையே! ஒரு காரை இழுக்க இது போதும். மூன்று காருக்கு ஏற்றதல்ல.

வாத்துக் கழுத்து

இதிலும் பந்துதான். ஆனால் அது இருப்பது பிக்கப்பின் தொட்டிக்குள், பின்சக்கரங்களின் அச்சுக்கு நேர் மேலே அல்லது சற்று முன்னால். டிரெய்லரின் முன்பகுதி வாத்தின் கழுத்து போல் மேலெழும்பி, வளைந்து இறங்கி அந்தப் பந்தைப் பிடித்துக்கொள்ளும்.

பாரம் நேராகப் பின்சக்கரங்களின் மேல் இறங்குவதால் முன்பக்கம் தூக்காது, ஆட்டமும் குறைவு. குறுகலான இடத்திலும் திருப்பலாம். வேலை முடிந்ததும் பந்தைக் கழற்றிவிட்டால் தொட்டி காலி! பிக்கப்பில் மூன்று கார்களை இழுப்பவர்கள் பலரும் இதைத் தேர்ந்தெடுப்பது இதனால்தான். ஆனால், பின்பக்கம் இரட்டை டயர்கள் கொண்ட பலமான பிக்கப்பாக இருப்பது நல்லது.

ஐந்தாம் சக்கரம்

பெரிய டிரெய்லர் லாரிகளில் இருப்பது இது. பெயர்தான் சக்கரம், உருளாது! லாரியின் முதுகில் பிளவுபட்ட தட்டு ஒன்று இருக்கும். டிரெய்லரின் அடியில் உள்ள இரும்பு முளை அந்தப் பிளவில் நுழைந்ததும் பூட்டிக்கொள்ளும். அந்தக் காலக் குதிரை வண்டிகளில் நான்கு சக்கரங்களோடு, முன் அச்சு திரும்புவதற்காகப் படுக்கைவாட்டில் ஒரு வளையம் இருந்தது. அதிலிருந்து வந்த பெயர் இது.

முன்னோடி யார்?

அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் நகரில் கார் தயாரித்தவர் அலெக்சாண்டர் விண்டன். 1898-ல் அவர் 22 கார்கள் விற்றார். தொலைதூர ஊர்களுக்கு ஓட்டியே கொண்டுபோனால் புதுக் கார் பழசாகிவிடுமே! அதனால் ஒரு காரைச் சுமக்கும் டிரெய்லரைச் செய்தார். அதன் முன்பக்கம், இழுக்கும் காரின் பின்பகுதி மேல் உட்கார்ந்தது. பாரத்தை வாலில் தொங்கவிடாமல் முதுகில் ஏற்றும் யோசனை அப்போதே வந்துவிட்டது!

மறக்கக்கூடாதவை

பந்து, கொக்கி, வண்டி ஒவ்வொன்றும் எவ்வளவு தாங்கும் என்று தயாரிப்பாளர் குறிப்பிட்டிருப்பார். அவற்றில் எது மிகக் குறைவோ, அதுதான் எல்லை. வண்டி 8 டன் இழுக்கும் என்றாலும், பந்து 5 டன்தான் தாங்கும் என்றால் 5 டன்னைத் தாண்டக்கூடாது.

டிரெய்லர் ஆடத் தொடங்கினால் ஓட்டுநர் பதறி வண்டியின் பிரேக்கை அழுத்தக்கூடாது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, டிரெய்லரின் பிரேக்கை மட்டும் மெதுவாகப் போட வேண்டும்.

செய்து பாருங்கள்: இரண்டு சக்கரம் மட்டும் உள்ள பொம்மை வண்டியை, நீளமான பொம்மைக் காரின் பின்னால் மாட்டுங்கள். நாணயங்களை முதலில் சக்கரங்களுக்குப் பின்னாலும், பிறகு முன்னாலும் வைத்து வேகமாக இழுத்துப் பாருங்கள். எப்போது அதிகம் ஆடுகிறது?

அடுத்த முறை கார் சுமக்கும் லாரி கடந்து போகும்போது நினைத்துக்கொள்ளுங்கள்... அத்தனை கார்களையும் பிடித்து இழுப்பது, பெரும்பாலும் 2 அங்குலத் தடிமன் உள்ள ஓர் இரும்பு முளைதான்!