விதையின் ஆயுள்

கேரளத்தின் கழக்கூட்டத்தில் கடலோரக் காற்று ஈரம் மிகுந்தது. திறந்து வைத்த விதை அந்த ஈரத்தை உறிஞ்சி, சேர்த்து வைத்த உணவைத் தானே செலவழித்து, விரைவில் முளைப்புத்திறனை இழக்கிறது.

உலர்வு, குளிர்
விதையின் ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும். வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் அவ்வாறே. தில்லியிலுள்ள தேசிய மரபணு வங்கி விதைகளை நன்கு உலர்த்தி, காற்றுப்புகாத அலுமினிய உறையிலிட்டு, மைனஸ் 18 டிகிரியில் காக்கிறது.

எல்லா விதைக்கும் பொருந்துமா?
நெல், எள், கஞ்சா விதைகள் உலர்வைத் தாங்கும். அவற்றுள் எண்ணெய் மிகுந்தவை வெப்பத்தில் எளிதில் கெடும். பலா, மா, ரப்பர் விதைகளோ உலர்ந்தால் மடியும். அவற்றை மரமாகவே வளர்த்துக் காக்க வேண்டும். தண்டு நட்டுப் பெருக்கும் மரவள்ளியின் இரகங்களையும் வளரும் செடியாகவே காக்க வேண்டும். கழக்கூட்டத்துக்கு அருகே ஸ்ரீகாரியத்தில் 1963இல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம், மரவள்ளி இரகங்களை வயலிலும் திசு வளர்ப்புக் குழாய்களிலும் பேணுகிறது.

வீட்டில் செய்யலாம்
உலர்வைத் தாங்கும் விதையை நிழலில் நன்கு உலர்த்தி, இறுக மூடும் கண்ணாடிப் புட்டியில் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். புட்டியின் குளிர் தணிந்தபின் திறந்தால் விதைமேல் நீர் கோக்காது.